நாலு இன்ச்

லியனார்ட் தன் பிக்கப் வண்டியை ஸ்பிரிங் மாற்றி உயர்த்தியதற்கு ஊருக்குச் சொன்ன காரணம் வெள்ளம். கிள்ளானில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த வருஷத்தை யாரும் மறக்கவில்லை. அதனால் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மைக் காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றுப் பாதைக்குப் போகும் கூட்டாளிகளில் ஒருவனான நைஜலின் வண்டிக்குப் பக்கத்தில் இவருடையது குள்ளமாக நின்றது.

ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருக்கும் விஜயன் அப்போதே தடுத்துப் பார்த்தான்.

"ரெண்டு இன்ச் போதும் அண்ணே. நாலுன்னா ஸ்பிரிங் ரொம்ப கெட்டி, பாரம் இல்லாம ஓடுனா தூக்கித் தூக்கிப் போடும். வளைவுல சாயும். ஸ்டேரிங்கும் பிடிமானம் இல்லாம மிதக்கும்."

அதைச் சரிக்கட்ட வேறு சில பாகங்களும் மாற்ற வேண்டும் என்றான். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று லியனார்ட் நாலையே போடச் சொன்னார். மனைவி டோரிஸிடம் மட்டும் ரெண்டு என்றார்.

மூன்று மாதம் கழித்து டோரிஸுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. கோலாலம்பூர் மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்துவரப் போன அன்று, தாதி முதலில் வண்டியின் படியைப் பார்த்தாள், பிறகு இவர் முகத்தைப் பார்த்தாள். காவலாளியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக டோரிஸைத் தாங்கி மேலே ஏற்றினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸைத் தாண்டுவதற்குள்ளேயே சாலையின் ஒவ்வொரு சிறு மேடும் அவள் வயிற்றில் இடித்தது. தலையணையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வர, லியனார்ட் சட்டென்று ஸ்டேரிங்கை ஒடித்தார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் ஆடி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிலைக்கு வந்தது. டோரிஸ் வாயிலிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது.

"ரோடா இது, எல்லாம் குழி," என்றார் லியனார்ட்.

சாலையில் குழியே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் கண்ணை மூடியபடி, மெதுவாகப் போகச் சொன்னாள், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துத் தையலைக் காட்டப் போக வேண்டும். அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவருக்கு, வேலிப் பக்கம் டோரிஸ் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தம்புசாமி அங்கிளிடம், அவருடைய பழைய சாகா காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு வண்டி பிரேக் சரியில்லையாம் அங்கிள். பட்டறையில ஓட்ட வேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. லியனார்டின் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. வலிக்கிறது என்று தன்னிடம் சொல்லாதவள், ஊரார் முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்யும் சொல்கிறாள். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூட அவரால் தாங்கியிருக்க முடியும்.

சாகாவின் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். முன்னால் டோரிஸ் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேடு வந்தபோது வண்டி ஏறி மெத்தென்று இறங்கியது. அவள் கை மடியிலேயே இருந்தது.

தம்புசாமி அங்கிள் வெள்ளந்தியாகக் கேட்டார், "பிரேக்க எப்பப்பா பார்க்கப் போறே? பெரிய வண்டி, ஆபத்து லா."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். லியனார்ட் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு அங்கிள். வண்டிய நாலு இன்ச் தூக்கிட்டேன். இவளுக்கு அதுல உட்கார முடியல. ரெண்டுன்னு சொல்லி இவளயும் ஏமாத்திட்டேன்."

அங்கிள் சாலையையே பார்த்து ஓட்டினார். டோரிஸ் திரும்பவில்லை.

"நாலா?" என்றாள் கடைசியில். "எனக்குத்தான் உடம்புல தெம்பு இல்ல, அதான் ஏற முடியலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."



அடுத்த சனிக்கிழமை விஜயனிடம் வண்டியை விட்டார். எதற்கு இறக்குகிறீர்கள் என்று அவன் கேட்டபோது, பெட்ரோல் செலவு என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். விஜயன் தலையை நிமிர்த்தாமல் சக்கரத்தின் நட்டைக் கழற்றினான். மாலையில் ரெண்டு இன்ச் உயரத்தில் வண்டி வளைவுகளில் நிதானமாகத் திரும்பியது. வீட்டில் டோரிஸ் வாசலுக்கு வந்து பார்த்தாள். அடுத்த தடவை மருத்துவமனைக்கும் அங்கிள் காரிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.