ஓர்க்காவின் வால்

உலக மக்களின் மேலான கவனத்திற்கு: ஓரிகன் கரையிலுள்ள எங்கள் கோல்ட்டர் விரிகுடா ஊர், வால் இல்லாத ஓர்க்கா திமிங்கிலம் ஒன்றைப் பெற்றெடுத்திருந்தது.

பெற்றவர்கள் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு. நான் வெல்டிங் வாத்தியார். சிலைக்குள்ளே இருக்கும் கம்பிக்கூடு மட்டும் என்னுடையது. மேலே ஒட்டியதெல்லாம் கடல் துப்பிய பிளாஸ்டிக். வயிற்றுக்கு வெள்ளைச் சோப்புப் புட்டிகள், முதுகுக்குச் சிப்பிப் பண்ணைகளின் கறுப்புக் குழாய்கள். கரையில் பொறுக்காத ஒரு மூடிகூட ஏறக் கூடாது என்பது அந்த வகுப்பு மாணவி மாரிட் போட்ட சட்டம். வயது பதின்மூன்று. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, "ஐயோ, இது என் பிரஷ் மாதிரியே இருக்கு!" என்று திடுக்கிட வேண்டுமாம்.

சனிக்கிழமை திறப்பு விழா. வாலுக்கு வேண்டிய கறுப்புத் துண்டுகளோ தீர்ந்துவிட்டன. பிள்ளைகள் கரையையே சலித்து எடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை மேயர் வெண்டல் ஸ்ட்ராண்ட் பட்டறைக்குள் நுழைந்தார், புத்தம்புதிய கறுப்புக் குப்பைத்தொட்டிகளோடு.

"இந்தா கண்ணு, வால். ஒடைச்சு ஒட்டிக்கோ."

"இது குப்பை இல்லையே சார்," என்றாள் மாரிட்.

"ஒடைச்சா குப்பைதானே?"

"விலைச்சீட்டே இன்னும் கிழிக்கல. கடல்ல கெடந்து வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

"வாலில்லாம நின்னா ஊரே சிரிக்கும்மா!"

"சிரிக்கட்டும். பொய் வாலோட நிக்கிறதுக்கு மொட்டையாவே நிக்கட்டும்."

நான் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டேன். வாத்தியார் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை மேயர் பார்க்கக் கூடாதல்லவா?

மேயர் தளரவில்லை. தொட்டிகளைப் பழசாக்குவதற்காகப் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி, கரையோரப் பாறைகள்மேல் இழுத்துக்கொண்டு போனார். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தபோது கயிறு மட்டும் மிச்சமிருந்தது. தொட்டிகளைச் சில்லு சில்லாகக் கடல் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் பாசி பூசித் திருப்பிக் கொடுத்தது.

"கடலே குடுத்துடுச்சுடா!" என்று பையன்கள் குதித்தார்கள்.

மாரிட் ஒரு துண்டைப் புரட்டினாள். பாதி விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

"இது மேயர் போட்டது," என்றாள்.

"அப்ப வேணாமா?"

சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "மத்ததையும் யாரோ ஒருத்தர் போட்டதுதானே? இவரு பேரு நமக்குத் தெரியுது, அவ்ளோதான். பொறுக்குங்க."

சனிக்கிழமை எங்கள் ஓர்க்கா வாலை வானத்துக்குத் தூக்கி நின்றது. அப்படி ஒரு கம்பீரத்தை இந்த ஊர் பெற்றதில்லை. எத்தனையோ வேலி, கதவு என்று வெல்டு வைத்திருக்கிறேன். எதையும் இப்படி இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்ததில்லை. கீழே மாரிட்டின் பலகை: "முதுகு: சிப்பிப் பண்ணைகள். வயிறு: பெயர் தெரியாதவர்கள். வால்: மேயர் வெண்டல் ஸ்ட்ராண்ட், புதன்கிழமை கடற்கரையில் போட்டது."

ஒன்றாம் வகுப்பு எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தது. மேயர் பலகையின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"என் பேரை எவ்ளோ பெருசா போட்டிருக்கா, பாத்தீங்களா?" என்றார் என்னிடம்.

அடுத்த தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.