வேலிக்கு மேலால் ஒரு முத்தம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தின் தொங்கு ரயிலில் ஒரு ஜெர்மன் நாவல் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். லோட்டே, ஃப்ரீடா. இரண்டு பெண்கள், அடுத்தடுத்த தோட்டத் துண்டுகள், நடுவில் செடிவேலி. அதன் உயரத்துக்காக நூறு பக்கச் சண்டை. கடைசியில் வேலிக்கு மேலால் முதல் முத்தம். அதே நேரம் தோட்டச் சங்கத் தலைவர் கீழே குனிந்து அளவுநாடாவால் வேலியை அளக்கிறார். நிமிர்ந்து சொல்கிறார்: "எட்டு சென்டிமீட்டர் அதிகம்."

உடனே எழுதவேண்டும் போலிருந்தது.

2

தொடக்கம்: 'வுப்பர் ஆற்றின் மேல் மழை—' வேண்டாம்.

'கவிசா சிரித்தாள்.' போதும்.

கவிசாவுக்கு இருபத்தெட்டு வயது. கையில் அதே நாவல். எதிரே தாய் புஷ்பராணி வெங்காயம் உரிக்கிறார். ஞாயிறன்று ஜசிந்தா சாப்பிட வருகிறாள். தாய்க்கு அவள் மகளின் சிநேகிதி. மகளுக்கு மூன்று வருடக் காதலி. அன்றைக்குத் தாயிடம் சொல்லிவிடுவதாகக் கவிசா அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

(சொல்வாளா? எனக்கே சந்தேகம்.)

"என்ன பிள்ளை, தனியச் சிரிக்கிறாய்? எனக்கும் சொல்லன்."

ஏழு வயதிலிருந்து தாய்க்கு வரும் ஜெர்மன் கடிதங்களைப் பார்த்தபடியே தமிழில் சொல்பவள் கவிசா. (இங்கே வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அந்த வேலை இருந்தது. கெட்ட வரியை விழுங்கவும் அதில்தான் பழகினோம்.) நாவலையும் அப்படியே சொன்னாள். ஃப்ரீடாவை மட்டும் ஃப்ரெட் ஆக்கிவிட்டாள்.

3

புஷ்பராணியைக் கண்டிப்பானவராக எழுதத்தான் நினைத்தேன். அவர் இடம் தரவில்லை.

"வேலிச் சண்டையோ! எல்லைக் கதியாலைத் தள்ளி நட்டவனோ?"

"இல்லை அம்மா, கத்தரிச்சு விடேல்லை."

"சீ, இதெல்லாம் ஒரு சண்டையே? யாழ்ப்பாணத்துக்கு வரச்சொல்லு."

முத்தம் வந்தது. அளவுநாடா வந்தது. புஷ்பராணி கண்ணைத் துடைத்தார். பாதி வெங்காயம், பாதி சிரிப்பு. பிறகு புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார்.

"ரெண்டும் பொம்பிளையளா நிக்குதுகள். உன்ரை ஃப்ரெட் எங்கை?"

"அவர்... உள்ளுக்கை நிக்கிறார்."

"டொக்டரின்ரை கடிதத்திலையும் இப்பிடித்தான் ஒரு வரியை விழுங்கினனீ. அண்டைக்கும் உன்ரை காது சிவந்தது."

4

முடிவு ஒன்று: தாய் அழுகிறார். (கோடு போட்டு அடித்துவிட்டேன். இதை எத்தனை தரம் வாசித்திருப்போம்!)

முடிவு இரண்டு: ஞாயிறன்று ஜசிந்தாவைத் தாய் கட்டிப்பிடித்து— (அவசரம். கதையில் இன்னும் வியாழக்கிழமைதான்.)

மூன்று: புஷ்பராணி கையைக் கழுவுகிறார். கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு அமர்கிறார்.

"முதலிலையிருந்து வாசி. ஒண்டையும் விழுங்கக்கூடாது."

கவிசா முதல் பக்கத்தைத் திறக்கிறாள். ஃப்ரீடாவின் பெயர் நான்காவது வரியில் இருக்கிறது. மூன்று வரிகளை வாசித்துவிட்டாள். கவிசா மூச்சை இழுத்து—

இதற்கு மேல் நான் எழுதவில்லை. நான்காவது வரி உங்களுடையது, வாசகரே. சத்தமாக வாசியுங்கள். பக்கத்துக் கதிரையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.