கங்கையம்மன் கோயில் ஸ்பீக்கர்

"கோயில் சாவியைக் குடுங்க," என்றாள் வைஷ்ணவி.

மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது சாவுக் கூட்டம். காலையில் செத்துப்போன பொன்னுரங்கத்துக்குப் பந்தல் யார் போடுவது, உறவுக்காரங்களை ஏற்றி வர அக்கரைத் தோணிரேவுக்கு யார் படகை விடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே, வலைக் குவியலுக்குப் பின்னால் பொம்பளைகள் நின்றார்கள். பொம்பளைகள் நிற்கலாம், கேட்கலாம். பேசினால் குறைந்த குரலில் பேசலாம். வைஷ்ணவி குவியலைத் தாண்டி உள்ளே வந்து நின்றுதான் கேட்டாள்.

"எதை வேணா கேளு, கோயில் சாவிய மட்டும் கேட்டுடாத" என்று அவள் அம்மா கோவிந்தம்மா சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள். காரணம் இருந்தது. சாவி முன்பு கோயிலைப் பார்த்துக்கொண்ட தேவேந்திரன் அப்பன் இடுப்பில் தொங்கியது, இப்போது தேவேந்திரன் இடுப்பில் தொங்குகிறது. அதைக் கேட்டால் அந்த வீட்டைத் திருட்டு வீடு என்று சொன்ன மாதிரி. கோவிந்தம்மாவுக்கோ புருஷன் இல்லை. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை என்று ஊர் வரிசை வைத்திருக்கிறது, அதற்குப் பாடு என்று பேர். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. இரக்கப்பட்டு ஒரு பங்கு மீன் தருவார்கள். அந்தப் பங்கு ஊர்த் தலைவர் கங்காதரன் வாயில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"சாவி இன்னாத்துக்கும்மா ஒனக்கு?" என்றார் கங்காதரன். கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஸ்பீக்கருக்கு மாமா. சாவு விழுந்துடுச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல கோயில இழுத்துப் பூட்டிடுவீங்க. கருமாதி முடிஞ்சாத்தான் தெறப்பீங்க. அதுவரைக்கும் ஸ்பீக்கரு சார்ஜ் இல்லாம உள்ள கெடக்கும். போன வருசம் கெடந்த மாதிரி."

'போன வருசம்' என்றதும் தேவேந்திரன் கங்காதரனைப் பார்த்தான்.

ஸ்பீக்கர் வாங்கியது பொம்பளைகளுக்காக என்று வாங்கும்போது சொன்னார்கள். வலையில்லாத வீட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறி பல்லில் கடித்தபடி தொங்கும். போன் எங்கே கொண்டுபோவது? இடி விழப்போகிறது என்று போனில் எச்சரிக்கை வந்தால், கரையில் இருக்கிற யாராவது ஸ்பீக்கரைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்துக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் ஊர்ப் பணத்தில் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கரும் மைக்கும் வந்தன. ஏரியைத் தாண்டிக் கம்பத்தில் வருகிற கரண்ட் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே போய்விடும். கோயிலில்தான் சோலார் தகடும் இன்வெர்ட்டரும் இருக்கிறது. ஆகவே ஸ்பீக்கர் கோயிலில், கோயில் தேவேந்திரனிடம். வந்த மாசத்திலேயே அது வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் பாட்டுப் போடப் போய்விட்டது.

தேவேந்திரனுக்கு ஒரு கொள்கை உண்டு. பேட்டரியை முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும், அப்போதுதான் 'நல்லா ஏறும்'. பழைய பட்டன் போன் காலத்தில் யாரோ அவனுக்குச் சொன்னது. வைஷ்ணவி பொன்னேரி காலேஜில் இயற்பியல் படித்தவள், அவள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். உள்ளே இருப்பது வண்டி பேட்டரி ஜாதி, அதைத் தீர்க்கவே கூடாது, தீர்ந்து சும்மா கிடந்தால் தகட்டில் உப்பு மாதிரி படிந்து செத்துவிடும் என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "நீ ரேடியோ ரிப்பேருக்கா படிச்ச?" என்று சிரிப்பான்.

நேற்று சாயங்காலமும் யாரோ வீட்டுச் சடங்குக்கு ஸ்பீக்கர் போனது. குரல் கம்மி, கரகரத்து, அதுவாக அடங்கும்வரை ஆடினார்கள். இன்று காலை சாவுச் செய்தி சொல்ல தேவேந்திரன் மைக்கைப் பிடித்தான். "ஊர் ஜனங்களுக்குத் தெரிவிப்பது இன்னான்னா, நம்ம பொன்னுரங்கம் இன்னிக்குக் காலையில..." அதோடு சரி. பொன்னுரங்கம் காலையில் இன்னா செய்தார் என்று ஊருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார் போல என்று ஒருத்தி பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள்.

"எடுத்த எடுப்புல சாவி கேக்குறியே, அது பொம்பளை தொடுற பொருளா?" என்றான் தேவேந்திரன்.

"அப்ப சாவிய நீயே வச்சிக்க. ஸ்பீக்கர வெளிய எடுத்து வை."

"சாவு விழுந்த ஊர்ல சாமி பொருளு வெளிய வராது."

"ஊர்ப் பணத்துல வாங்குனது எப்படிண்ணா சாமி பொருளாவும்?"

"கோயில்ல கீதில்ல? கோயில்ல இருந்தா சாமி பொருளுதான்."

"நேத்து குத்துப் பாட்டு பாடிகினு இருந்துச்சே, அப்ப சாமி எங்க போயிருந்தது? ஆடப் போயிருந்துச்சா?"

வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்து, உடனே இருமலாக மாறியது. அது கஸ்தூரியின் சிரிப்பு, வைஷ்ணவிக்குத் தெரியும். போன வருசம் குப்பம்மா செத்தபோது பக்கத்தில் நின்ற ரெண்டு பேரில் கஸ்தூரி ஒருத்தி. இன்னொருத்தி கோவிந்தம்மா.

அப்போதும் ஊரில் ஒரு சாவு. ஊரே பங்காளி என்பதால் ஒரு வீட்டுத் தீட்டு எல்லா வீட்டுக்கும். கோயில் பூட்டிக் கிடந்தது. தீட்டுக்கு மீன்பிடிப் படகுகளும் இறங்காது. படகு இறங்காவிட்டால் பங்கு மீனும் இல்லை, ஆகவே வலையில்லாத பொம்பளைகள் எல்லாரும் ஒரேயடியாகத் தண்ணீரில் நின்றார்கள். வைஷ்ணவியின் போனில் எச்சரிக்கை வந்தது. கோயிலுக்கு ஓடினாள், பூட்டு. தேவேந்திரன் வீட்டுக்கு ஓடினாள். தீட்டில் திறப்பதா என்று அவன் யாரையோ கேட்கப் போனான், கேட்டு வந்து திறந்தான். ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னிவிட்டு அணைந்தது. அத்தனை நாள் காலியாகக் கிடந்த பேட்டரி. வைஷ்ணவி கரைக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். எதிர்காற்று. தண்ணீரில் நின்ற குப்பம்மா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, திரும்பக் கையை ஆட்டினாள்.

இடி விழுந்தபோது அந்தக் கை இன்னும் மேலேதான் இருந்தது. கோவிந்தம்மாவுக்கு இடது காது அன்றோடு போயிற்று.

பேட்டரி மட்டமான சரக்கு என்று ஊர் முடிவு செய்தது. புது பேட்டரி போட்டார்கள். நடுவில் ஒருநாள் தேவேந்திரன் படகு பேட்டரியிலிருந்து ஒயரை மாற்றிச் சொருகி ஸ்பீக்கருக்குள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையைக் கருக்கினான். வைஷ்ணவிதான் சரி பண்ணிக் கொடுத்தாள். அப்போது மட்டும் அவள் படித்த பொண்ணு.

"பேட்டரி மேல தப்பில்ல மாமா," என்றாள் இப்போது கங்காதரனிடம். "எந்த பேட்டரி போட்டாலும் நீங்க தீத்துட்டு உள்ள வச்சிப் பூட்டுனா அது சாவும். உங்க தீட்டுதான் அதைச் சாவடிக்குது. நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் அம்மாங்க தண்ணிக்குப் போயிடுவாங்க. வானத்தப் பாத்தீங்களா?"

கங்காதரன் பார்த்தார். ஐப்பசி வானம். ஏரிக்கு மேல் தெற்கே கறுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு மேல்துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது வெளங்குது. கருமாதி முடியட்டும். அப்பறம் ஸ்பீக்கர எங்க வைக்கலாம், எப்படி வைக்கலாம்னு பேசுவோம். ஒருநாள் ரெண்டுநாள் தண்ணிக்குப் போவாம இருந்தா இன்னா, உசுரா போயிடும்?"

"போனா உசுரு போவுது, போவலன்னா சோறு போவுது. நீங்க அனுப்புற பங்கும் தீட்டுல நின்னுடும். எதத் துன்றது?"

"ஏய், பேச்சப் பாரு," என்று எழுந்தான் தேவேந்திரன். "மாமா, ஒண்ணு கேளுங்க. சார்ஜரு இவகிட்ட கீது. காலையில நான்தான் குடுத்து அனுப்புனேன், பின்னுல உப்புக்காத்து பட்டுப் பச்சை புடிச்சிருந்துச்சி. ஒட்டிட்டியா?"

"ஒட்டிட்டேன்." வைஷ்ணவி தோள்பையைத் தொட்டாள். பைக்குள் சார்ஜர் இருந்தது, பின்னில் புது ஈயம் பற்றவைத்திருந்தாள்.

"குடு. உள்ள சொருகி வச்சிட்டே பூட்டிடறேன். சாமி பொருளு வெளிய வரல, சார்ஜும் ஏறும். மேட்டர் முடிஞ்சிது. பேஜாரு இல்லாம போவும்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது.

"ஏறும்," என்றாள் வைஷ்ணவி. "முழுசா ஏறி, பூட்டுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கும். இடி வர்றப்ப நான் மறுபடி உன் வீட்டுக்கு ஓடி வரணும், நீ மறுபடி யாரையாச்சும் கேக்கப் போவணும். இல்ல?"

தேவேந்திரன் கையை நீட்டியபடியே நின்றான். "சார்ஜரக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"இந்தா பொண்ணே," கங்காதரன் குரல் இப்போது மாறியது. "ஊரு கேக்குது, குடுத்துடு. சாவி கேட்டதையே நான் காதுல போட்டுக்கல. இதுக்கு மேல பேசுனா ஒங்க வீட்டுப் பங்க நிறுத்த வேண்டி வரும். கருமாதிக்கு அப்பறமும் வராது. ஒங்கம்மாவக் கேட்டுக்கினு பேசு."

வெளியே கோவிந்தம்மா வலது காதைக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். "இன்னாவாம்?" என்று பக்கத்தில் நின்ற கஸ்தூரியைக் கேட்டாள்.

வைஷ்ணவி திரும்பி, சத்தமாகச் சொன்னாள். "பங்கு மீன நிறுத்திடுவாங்களாம்மா."

கோவிந்தம்மா மகளைப் பார்த்தாள். 'சொன்னேனா இல்லையா' என்கிற பார்வைதான், அதில் சந்தேகமில்லை. வீட்டுக்குப் போனதும் திட்டு இருக்கிறது. பிறகு எதிரில் கோயில் பக்கம் பார்த்தாள். காலையில் அறிவிப்புக்குத் திறந்த கதவு இன்னும் திறந்தே கிடந்தது. கூட்டம் முடிந்து போய்த்தான் தேவேந்திரன் பூட்டுவான்.

"சக்கரம் மணல்ல உருளாது," என்றாள் கோவிந்தம்மா. காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில் சொன்னாள், கொட்டகைக்கே கேட்டது. "தூக்கத்தான் ஓணும். நேத்து அந்தப் பசங்க நாலு பேரு தூக்கினு போனானுங்க."

தேவேந்திரனின் கை இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தடவிப் பார்த்தது. சாவி இருந்தது.

"பங்க நிறுத்திக்கோங்க மாமா," என்றாள் வைஷ்ணவி.

"எங்க போற? கூட்டம் முடியல!"

தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று கம்பத்து விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ அணைக்காமல் விட்ட விளக்கு, பகலிலும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. இருக்கிறது. கம்மியான கரண்ட்தான், பரவாயில்லை, ஸ்பீக்கரை வீட்டுக்குத் தூக்கிப்போய்ச் சொருகி வைத்தால் மெதுவாக ஏறும். தோள்பையை இழுத்து மாட்டிக்கொண்டு, கொட்டகையை விட்டு இறங்கி, திறந்திருந்த கோயில் கதவைப் பார்த்து நடந்தாள்.