டார்லீன் வீட்டுப் புல்

1

இந்தக் கதை எதிர்வீட்டை எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான். வட கரோலினாவில், ஒரே அச்சில் வார்த்த வீடுகள் நிற்கும் இந்தத் தெருவில் பல வருடமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் போகாதவனுக்கு இங்கே எட்டிப் பார்ப்பதை விட்டால் வேறு வேலை கிடையாது.

முதலில் எழுதிய தொடக்கம்: "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல..."

அடித்துவிட்டேன். கம்பளம் தண்ணீர் குடிக்காது. கம்பளத்தை வாராவாரம் வெட்டவும் வேண்டாம்.

இந்தப் புல்லின் பெயர் டால் ஃபெஸ்க்யூ. தெருவில் ஒரு மாடு கிடையாது, ஆடு கிடையாது. தின்ன ஆளில்லாத புல்லுக்கு உரம் போடுகிறார்கள். வளர்ந்ததும், ஐயோ வளர்ந்துவிட்டதே என்று வெட்டுகிறார்கள். வெட்டியதைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, மறுபடி உரம் வாங்கப் போகிறார்கள்.* இவர்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை வேறு இருக்கிறது.

* மலைப்பக்கத்துப் பண்ணைகளில் இதே புல்லை மாடு மேய்கிறது. அந்தப் புல்லுக்காவது பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

2

வெர்னன் ப்ரூயிட்டை முதல் வரைவில் நல்லவனாக எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை.

அறுபது தாண்டியவன். எதிர்வீட்டுப் புல்லை வளர்த்தவன். விவாகரத்தில் வீடு மனைவி டார்லீனுக்குப் போயிற்று. வீட்டைக் கொடுக்கும்போது கலங்காதவன், புல்லும் அதோடு சேர்த்திதான் என்று வக்கீல் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். (இது என் கைச்சரக்கு. ஆனால் பொய்யாக இருக்காது.) இப்போது சரளைக்கல் முற்றம் உள்ள ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறான். வேலைக்கும் கடைக்கும் போக வேறு வழியே இல்லாதவன்போல் தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் வண்டியை ஓட்டுவான்.

டார்லீனின் புதுக் கணவன் கிப் லேதம். ஜூலை வெயிலில், உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தில் பிளேடைத் தரையோடு இறக்கி, புல்லை மொட்டையடித்துக்கொண்டிருந்தான். வெர்னனின் வண்டி நடுத்தெருவில் நின்றது.

"தம்பி! பிளேடை மேல ஏத்து! இது ஃபெஸ்க்யூ. வெயில் காலத்துல நாலு விரல் உசரம் விட்டுத்தான் வெட்டணும். இப்படிச் செரைச்சா வேரு வெந்துடும்!"

"சார், இது என் வீட்டுப் புல்லு."

"வீடு உன்னோடதுப்பா. புல்லு நான் போட்டது."

"அப்பச் சுருட்டி எடுத்துட்டுப் போங்களேன்."

இரண்டு ஆண்பிள்ளைகள். ஒரு புல். இதை இலக்கியம் என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்டில் வெர்னன் சொன்னதே நடந்தது. வாசல் முழுக்கப் பழுப்புத் திட்டு. சொறிபிடித்த நாய் மாதிரி கிடந்தது.

3

செப்டம்பர் வந்தது. விதைக்கிற பருவம். ஒரு ஞாயிறு, டார்லீனும் கிப்பும் தேவாலயத்துக்குக் கிளம்பியதும் வெர்னன் வந்தான். மண்ணில் துளையிடும் வாடகை இயந்திரம், விதை மூட்டை, மண்ணை வாரும் பல்லுக்கோல்.

இந்தப் புல் குத்துக்குத்தாக வளர்வது, பக்கத்தில் படராது. ஓர் இடம் சொட்டையானால் யாராவது வந்து விதைக்கும்வரை சொட்டைதான். (மணவாழ்க்கையை இதோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதக் கை பரபரத்தது. மலிவான வேலை. விட்டுவிட்டேன்.)

வெர்னன் துளையிட்டான், விதைத்தான், மண்டியிட்டுத் தடவித் தடவி மண்ணை மூடினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தான். விவாகரத்துக்குப் பிறகு தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த உயிர் ஒரு புல் என்பது அவனுக்குக் கேவலமாகப் படவில்லை.

கார் திரும்பி வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"டார்லீன், நான் போலீசைக் கூப்பிடறேன்," என்றான் கிப்.

"நீ சும்மா இரு. வெர்னன், எந்திரி."

வெர்னன் எழுந்தான். முழங்காலெல்லாம் மண். "இவன்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எப்படி ஆக்கி வெச்சிருக்கான் பாரு."

"அவனுக்குப் புல்லைப் பத்தி என்ன தெரியும்? கீழ எறக்கி வெட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"நீயா? தெரிஞ்சேவா?"

"தெரியாமப் போகுமா? சாப்பாட்டு மேசையில நீ வேற எதைப் பேசின? எங்கம்மா சாவுக்குச் சோத்துப் பாத்திரமும் கையுமா வந்த சனத்தை, புதுசா விதைச்சிருக்கு, மிதிக்காதீங்கன்னு தெருவுலயே நிக்க வெச்சியே. எங்க பெரியம்மா தடியூனிக்கிட்டு சுத்தி நடந்து வந்தாங்க. அன்னிக்கு நெனச்சேன், இந்தப் புல்லு சாகறதை நான் பாக்கணும்னு."

கிப் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெர்னனுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அந்த வருடம் விதை அருமையாகப் பிடித்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்தவன், மூடிக்கொண்டான். இந்தக் கதையில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

4

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன்.

ஒன்றில் போலீஸ் வருகிறது. விதைத்த குற்றத்துக்கு விலங்கு மாட்டுகிறார்கள். சிரிப்பு வரவில்லை.

இரண்டாவதில் டார்லீன் விம்மி, வெர்னன் விம்மி, கிப்பும்... சீ.

மூன்றாவது, நான் வேலியருகே நின்று கேட்டது.

வெர்னன் இயந்திரத்தை வண்டியில் ஏற்றினான். "அவங்களை உள்ள விட்டிருக்கணும்," என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் மனிதன். நிறுத்தவில்லை. "டார்லீன்... விதை போட்டாச்சு. காலைலயும் சாயங்காலமும் ரெண்டு வாரம் நனைச்சாப் போதும். காஞ்சா ஒண்ணும் முளைக்காது."

"போயிடு வெர்னன்."

போனான். கிப் உள்ளே போனான். டார்லீன் விதைத்த மண்ணின் நட்டநடுவே நடந்தாள், தேவாலயத்துக்குப் போட்ட குதியுயர்ந்த செருப்போடு. ஒவ்வோர் அடிக்கும் குதி புதைந்தது. பக்கச்சுவர்க் குழாயருகே போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மண் அப்பியிருந்தது. ரப்பர் குழாய் காலடியில் சுருண்டு கிடந்தது. அவள் குழாயைத் திறந்தாள்.

செருப்பைக் கழுவவும் தண்ணீர் வேண்டும், விதையை நனைக்கவும் தண்ணீர் வேண்டும். எதுவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு புல்லைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.