கதவு வைக்காத ஆஸ்பத்திரி

அமீர்பேட்டையில், கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், வகுப்பறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், காலிப் பை ஒன்றை மடியில் மடித்து வைத்துக்கொண்டு சாயிலு உட்கார்ந்திருந்தார். மருமகள் மௌனிகாவின் துணிமணிகளை அள்ளிக்கொண்டு போகத்தான் பை. இன்றைக்கும் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து எருமைகளைப் பார்ப்பதாக அவளே மாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். கிடைக்காது என்பதில் சாயிலுவுக்குச் சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டருக்குள் கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஒரு சட்டி சிமெண்ட் கிடையாது, ஒரு சொட்டு வியர்வை கிடையாது. மொட்டை மாடியில் வடாம் காயவைக்கிறவள்கூட இதைவிட உருப்படியாக ஏதோ செய்கிறாள்.

உள்ளே, வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த கம்பெனி மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் பையன் சுவர்த் திரையில் ஓர் ஆஸ்பத்திரியைச் சுழற்றிக் காட்டி, நானே செய்தது என்றான். அடுத்த பெண்ணும் ஓர் ஆஸ்பத்திரி. மூன்றாமவன் திறந்தபோதுதான் சாயிலுவுக்கு உறைத்தது. அதே ஆஸ்பத்திரி, வாசலில் அதே ஒற்றை மரம். வாத்தியார் வினய் சார் ஒன்றைச் செய்து, வகுப்பு முழுக்கக் கோயில் புளியோதரை மாதிரி பங்கிட்டிருக்கிறார். அவரும் மூலையில் நின்று, பந்தி விசாரிக்கிறவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். த்தூ, இதற்கு ஒரு டை வேறு.

மேடம் மூன்று பேரிடமும் கூரையைக் கழற்றிக் காட்டச் சொன்னார். மேலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி அறைகள். அதில் ஒன்றின்மேல் விரலை வைத்தார். நாலு பக்கமும் சுவர், நடுவில் கக்கூஸ். இதற்குள் எப்படிப் போவது என்று கேட்டார். மூன்று பேரும் சாரைப் பார்த்தார்கள். சார் மின்விசிறியைப் பார்த்தார்.

நாலாவதாக மௌனிகா. அவளும் அதையே திறந்தாள். மேடத்தின் விரலும் அதே இடத்துக்குப் போனது.

“கிளையண்ட் கொடுத்த பிளான்லயே கதவு இல்ல மேடம்,” என்றாள், இமைகூடக் கொட்டாமல். “எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வரல. அதுவரைக்கும் நாங்களா கதவு வைக்கக் கூடாதுல்ல?”

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். எங்கள் ஆபீஸிலும் இதேதான் நடக்கிறது, திங்கட்கிழமையே வந்துவிடு என்றார்.

வெளியே வந்தவளைச் சாயிலு நிறுத்தினார். “யாரும்மா அந்த கிளையண்ட்?”

“யாருமில்ல மாமா.”

“வாயத் தொறந்தா பொய். இதுக்கு ஒரு படிப்பு. அந்தக் கக்கூஸுக்குள்ள எவன் போவான்?”

“கட்டுறவன் பாத்துக்குவான்.” குனிந்து செருப்பை மாட்டினாள். “பொண்ணு பாக்க வந்தப்ப, பையன் துபாய்ல இன்ஜினியர்னு சொன்னீங்களே, அதுக்கு நீங்க எங்க மாமா படிச்சீங்க?”

மகன் துபாயில் சாரம் கட்டுகிறான். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மனைவிதான், மௌனிகா வருகிறாளா என்று கேட்க. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்தாவது பையன் ஆஸ்பத்திரியைத் திறந்திருந்தான். கூரை கழன்றது. கதவில்லாத அறை மெல்லச் சுற்றி வந்தது. மடியில் பை மடித்தபடியே கிடக்க, எந்தப் பக்கமாவது வழி தெரிகிறதா என்று சாயிலு பார்த்துக்கொண்டிருந்தார்.