சிரிப்புக்குப் போட்ட பீடிங்

அளவையரின் மனைவி தம் காரை ஓட்டிக்கொண்டே சிரித்தால், அந்தச் சிரிப்பு ஜன்னல் இடுக்கு வழியாக வெளியேறி, வழியில் நிற்பவர் எவராயினும் அவர் வாயில் ஏறிக்கொள்ளும். மருந்துக்கடைக்காரரை அது இருமல் மருந்து ஊற்றும்போது பிடித்தது. தபால்காரரை ஒரு வீட்டு வாசலில் பிடித்து, இரண்டு தெரு தாண்டிய பின்னே விட்டது. நீதிமன்ற எழுத்தர் ஒருவர், தூக்குத் தண்டனைத் தீர்ப்பைப் படியெடுக்கும் வேளையில் அதற்கு ஆட்பட்டு, விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை. மூன்று படி ஏறி, நான்காம் படியில் தடுக்கி விழுந்து, மீண்டும் எழுந்து ஓடும் அந்தச் சிரிப்பு, அரை மணி நேரம் தங்கிவிட்டுத் தானே போய்விடும். தெருவில் அதைக் குறைகூறியவர் ஒருவரே. அவர் சிரித்தவரின் கணவர்.

அளவையருக்குத் தொழில் நிலத்தை அளப்பது. ஒரு விரற்கடை மண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பங்காளிகள் எல்லாம், அவர் இழுத்த கோட்டைக் கண்டதும் வாயடைத்துப் போனதுண்டு. அவ்வளவு நேரான கோடு. மனைவியான அம்மையாரோ ஊருக்கு வெளியே குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் பணியாற்றினார். அந்தக் கார் அவர் சம்பாதித்து வாங்கியது. முதுகு உருண்டு, முன்விளக்குகள் விழித்துக்கொண்டிருக்கும் பழைய வண்டி. திருமணத்துக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. வீட்டில் அம்மையாரிடம் புன்னகை உண்டு, அது மரியாதைக்கு. வாய்விட்ட சிரிப்பு காருக்கு மட்டுமே. பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார்கள் என்று அளவையர் மூன்று முறை மறைந்து நின்று பார்த்தார். எவருமில்லை. அதன் பிறகு அவர் அந்தக் காலி இருக்கையைப் பார்த்தே பொறாமைப்படத் தொடங்கினார்.

ஒரு திங்கட்கிழமை, முடிதிருத்துபவர் அவர் கழுத்தில் கத்தியை வைத்திருந்த நேரத்தில் கார் கடையைக் கடந்தது. கத்தி நின்றது, முடிதிருத்துபவர் சிரித்தார். முடிதிருத்துபவரின் நரைத்த மீசைக்குக் கீழிருந்து, நாலு விரல் தூரத்தில், தம் மனைவியின் சிரிப்பு தம் முகத்தில் வந்து மோதுவதை, சோப்பு நுரையோடு அளவையர் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அதற்கு ஆட்படாத வாய் அவருடைய வாய் ஒன்றுதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நிலத்துக்குப் பட்டா உண்டு. கிணற்றுக்குப் பங்கு உண்டு. வேலிக்கு அப்பால் சாய்ந்த மரக்கிளைக்குக்கூட வழக்கு உண்டு. ஒரு பெண்ணின் சிரிப்புக்குப் பட்டா வழங்கும் அலுவலகம் எங்கே இருக்கிறது? இல்லாத அந்த அலுவலகத்துக்குத்தான் கணவன்மார் காலங்காலமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அளவையரின் மனு ரப்பரில் அமைந்தது.

"கார் ஜன்னல்ல கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் எல்லாம் வெடிச்சுப் போச்சு. மழைத் தண்ணி உள்ள வருது, மாத்தணும்" என்றார் மனைவியிடம்.

"எட்டு வருஷமா வருது. உங்களுக்கு இன்னைக்குத்தான் நனைஞ்சுதா?" என்றார் அம்மையார்.

ரப்பர் கடையில் பீடிங்குகள் சாட்டைகளைப் போலச் சுவரெங்கும் தொங்கின. கடைக்காரி, எந்த ரப்பரையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, தடம் மறையும் வேகத்தை வைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடக்கூடியவர். அளவையர் நான்கு ஜன்னல்களின் சுற்றளவையும் நூல் பிசகாமல் எழுதி நீட்டினார்.

"சுத்தளவு மட்டும் சொன்னா எப்படி சார்? பழசுல ஒரு துண்டு வெட்டிட்டு வரக்கூடாதா? வெட்டின முகத்தைப் பார்த்தாத்தானே அது எந்தக் குடும்பம்னு தெரியும்!"

ஆயினும் வண்டியின் வயதைக் கேட்டு அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே குழல் போல் வெறுமையான, மெல்லிய பீடிங். "ஜன்னலுக்கு நாலு விரல் கூடுதலா வெட்டுங்க. நெருக்கி நெருக்கி உள்ள தள்ளணும், இழுக்கவே கூடாது. இழுத்தா அப்போதைக்கு வரும். ஆனா ரப்பர் தன் நீளத்தை மறக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சொல்லின் நடுவே மூன்று படி ஏறி நான்காவதில் தடுக்கிச் சிரித்தார். வெளியே கார் போய்க்கொண்டிருந்தது. அளவையர் முகம் கறுத்தது. குழல் பீடிங்கைத் தள்ளிவிட்டு, சுவரில் இருந்தவற்றுள் மிகத் தடித்த, கெட்டியான ரப்பரைச் சுட்டிக்காட்டி அதையே வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை முற்றத்தில் வேலை நடந்தது. காய்ந்த பழைய ரப்பர் கருவாட்டுத் துண்டு போல் ஒடிந்து வந்தது. பள்ளத்தில் ஒட்டியிருந்த பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவினார். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு அளந்தார். அளந்ததை அளந்தபடி வெட்டுவது அவர் தொழில். அதிலும் ஒரு விரல் குறைத்து வெட்டியது அவர் பொறாமை. விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் இறுக்கிப் பிடிக்கும் என்று எண்ணி, பல்லைக் கடித்து இழுத்து, மூலைகளை மரக்கரண்டியால் அடித்துப் பொருத்தினார். கண்ணாடியை ஏற்றினார். அது கிறீச்சிட்டு ஏறி, கஞ்சன் பிடியில் அகப்பட்ட காசு போல் அங்கேயே நின்றது.

அம்மையார் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார். "கண்ணாடி இறங்கலையே."

"இறங்கி என்ன ஆகப்போகுது?"

அவர் கணவரை ஒரு கணம் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் தெரு அமைதியாயிற்று. மருந்துக்கடைக்காரர் சிந்தாமல் ஊற்றினார். நீதிமன்றத்தில் பிழை குறைந்தது, தண்டனை கூடியது. சிரிப்பு காருக்குள்ளேயே சேர்ந்தது. கண்ணாடிகளில் உட்புறம் ஆவி படிந்தது. பிரேக் போட்டால் பின்னிருக்கையில் கிடந்த சிரிப்பு உருண்டு முன்னே வந்து அம்மையாரின் காலில் இடித்தது. கதவைத் திறந்தால் வெளியேறாதா என்று கேட்கலாம். வெளியேறவில்லை. ஜன்னல் வழியே போய்ப் பழகிய சிரிப்பு. அதற்குக் கதவு வழி தெரியாது.

மாலைதோறும் மனைவி வீட்டுக்குள் போனதும், அளவையர் காருக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். சிரிப்பு அவர் மடியில் உட்கார்ந்தது, காதோரம் உரசியது, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. பல் பிடுங்க வந்தவரைப் போல் வாயை அகலத் திறந்து காத்திருந்தார். ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. ஊருக்கே கிடைத்தது ஒருவருக்கும் கிடைக்காமல் செய்தாயிற்று; தமக்கும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் முடிதிருத்துபவர் வீடு தேடி வந்தார்.

"சார், கடையில ஒரு சிரிப்பு இல்ல. எழவு வீடு மாதிரி இருக்கு. ஏதாவது பண்ணுங்க."

"அது என் மனைவியோட சிரிப்புய்யா!"

"யாரு இல்லைன்னு சொன்னது? நாங்க என்ன வச்சுக்கிட்டா இருந்தோம்? அரை மணி நேரத்துல திருப்பி விட்டுடுவோமே!"

கோடை வந்தது. இழுத்துக் கட்டிய ரப்பர், வெயிலில் மெல்ல மெல்லத் தன் நீளத்தை நினைவுகூர்ந்தது. ஒவ்வொரு ஜன்னலின் மூலையிலும் ஒரு விரல் இடைவெளி விழுந்தது. ஒரு வியாழக்கிழமை காலை அம்மையார் வண்டியைக் கிளப்பியதும், ஐந்து மாதச் சிரிப்பும் நான்கு மூலைகள் வழியே பீறிட்டு வெளியேறியது. ஊர் ஒன்பது நாள் சிரித்தது. வங்கி இரண்டு நாள் மூடப்பட்டது. பிணத்தைத் தூக்கியவர்களில் மூவர் சிரித்தார்கள். இறந்தவரின் மகனும் சிரித்துக்கொண்டிருந்ததால் அது பிழையாகக் கொள்ளப்படவில்லை. காரை ஒட்டி, மூலைக்கு ஒரு முழத்தில் நின்றவர் அளவையர். சிரிப்பு அவர் தோளைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

அம்மையார் எஞ்சினை அணைத்தார். "நான் யாருக்கும் அனுப்புறதில்லைங்க. அது பாட்டுக்குப் போகுது. நீங்க பிடிக்க நிக்கிறீங்க."

"எதை நினைச்சுத்தான் சிரிக்கிற?"

"சொல்ல மாட்டேன். உங்க டேப்புக்கு எட்டாதது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்." பிறகு கதவைத் திறந்து இறங்கி, மூலையில் வாய் பிளந்திருந்த ரப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதை மாத்திடுங்க. மழை உள்ள வரக்கூடாது. கண்ணாடி இறங்கணும். ஏத்துறதும் இறக்குறதும் என் கையில இருக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வண்டியோட போயிடறேன்."

அவர் முகத்தில் புன்னகைகூட இல்லை. அளவையர், வீட்டில் தம் பங்காக இத்தனை ஆண்டு கிடைத்துவந்த அந்த மரியாதைப் புன்னகையின் அளவை அப்போதுதான் அறிந்தார்.

அவர் குப்பையில் தேடி, பழைய பீடிங்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரி அதன் வெட்டுமுகத்தைப் பார்த்து, குழல் பீடிங்கை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் கணவனும் மனைவியும் ஜன்னலுக்கு நான்கு விரல் கூடுதலாக வெட்டினார்கள். அம்மையார் ஒரு முனையிலிருந்தும் அளவையர் மறுமுனையிலிருந்தும் இழுக்காமல், நெருக்கி நெருக்கித் தள்ளிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். மிகையென்று தோன்றிய நான்கு விரலும் இருந்த இடம் தெரியாமல் அடங்கின. கண்ணாடி ஒற்றை விரலுக்கு இறங்கியது. அடுத்த மழையில் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. மழையற்ற நாட்களில் கண்ணாடி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அம்மையார் முடிவு செய்தார். முடிதிருத்துபவர் பழையபடி சிரித்தார். கழுத்தில் கத்தியோடு அளவையர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டார். பொறாமை போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. அளவுச் சங்கிலி இழுக்கும் கையில் காய்ப்பு இருப்பது போல், அதுவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, ஊருக்கு வெளியே, இருபது ஆண்டாகப் பேச்சில்லாத அண்ணன் தம்பி இருவரின் வயலில் அவர் எல்லை குறித்துக்கொண்டிருந்தார். தொலைவில் சாலையில் உருண்ட முதுகுக் கார் ஒன்று, ஜன்னல் பாதி இறங்கிய நிலையில் போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை; வேலையில் இருந்தார். அப்போது அந்தச் சிரிப்பு வயலைக் கடந்து வந்து அவர் வாயில் ஏறியது. மூன்று படி ஏறி, நான்காவதில் தடுக்கி, மீண்டும் எழுந்து ஓடியது. கை ஆடியது; கோடு வளைந்தது.

"என்ன சார், கோணலா போகுது?" என்றான் தம்பி.

"அவர்தான் சிரிக்கிறாரே, விடேன்டா" என்றான் அண்ணன். இருபது ஆண்டில் தம்பியிடம் அவன் பேசிய முதற்சொல் அது. இருவரும் அந்தக் கோட்டுக்கே ஒப்பிக் கையெழுத்திட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்துச் சிரிப்பு அவரை விட்டுக் கிளம்பியது. அவர் வாயை மூடாமல் அதற்கு வழிவிட்டார். ஊர் வரைபடத்தில் அந்தக் கோடு இன்றும் ஒரு சாண் வளைந்தே இருக்கிறது.