ஏழும் எட்டும்

மூன்றாவது தாளிலும் கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போனது. அவன் அவளுடைய முழங்கைக்கு அடியில் தலையணையை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தான்.

“இன்னொண்ணு குடுங்க,” என்றாள்.

“போதும். உன் கையெழுத்துதான்னு தெரியுது.”

“உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு வர்ற அந்தாளுக்குத் தெரியணுமே.”

நான்காவது தாளில் போட்டாள். முதல் எழுத்து மட்டும் பழையபடி விழுந்தது. மீதி, பிரித்துப்போட்ட ஒயர் நுனி மாதிரிச் சிதறிக் கிடந்தது. இறுதி ஆய்வில் என் சார்பாக நிற்க என் கணவருக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்று மேலே தட்டச்சு செய்திருந்தது. இருபத்தோரு வருடத்தில் அவள் இப்படி யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. காய்ச்சலோடு போய் நின்றிருக்கிறாள். ஒருமுறை கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட காலோடு போய் நின்றாள். அவன் தாளை மடிக்காமல் உறைக்குள் வைத்தான்.

மின் ஒப்பந்ததாரர் உரிமம் அவள் பெயரில் இருந்தது. அவன் அவளிடம் வேலை பார்க்கும் ஒயர்மேன். உரிமத்துக்கான பரீட்சையை அவனும் எழுதினான். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றான். அவள் முதல் தடவையே தேறிவிட்டாள். வீடோ கடையோ, அனுமதி வாங்கி, அந்த அனுமதி அட்டையை வாசலில் தொங்கவிடாமல் சுவரில் ஒரு ஆணி அடிக்க அவள் விடமாட்டாள். “உங்களுக்குக் கை இருக்கு, எனக்கு வாய் இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா எதுக்குக் கல்யாணம்,” என்பாள்.

முடியாமல் கிடந்தது ஒரே ஒரு அனுமதிதான். ஒரு வீட்டின் தரைத்தளத்தைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றும் வேலை. வீடு வியாபார இடமாக மாறினால் ஒயரிங் முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டும். சுவரைப் பலகை போட்டு மூடுவதற்கு முன்னால் ஒரு ஆய்வு, எல்லாம் முடிந்தபின் ஒரு ஆய்வு. முதல் ஆய்வு நாலு மாதத்துக்கு முன்பே ஆகிவிட்டது. கடைசி ஆய்வுக்கு இன்று காலை பத்து மணி கொடுத்திருந்தார்கள். உரிமதாரர் இறந்துவிட்டால் அனுமதி அந்த நிமிடத்தோடு செல்லாது. வேறு ஒப்பந்ததாரர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தான் பார்க்காத ஒயருக்கு எவனும் பொறுப்பேற்க மாட்டான். சுவர்ப்பலகையைக் கழற்றி, உள்ளே இருப்பதை எல்லாம் உருவிப் பார்ப்பான்.

“நான் போகல. வேற நாள் வாங்கிக்கலாம்,” என்றான்.

“எனக்கு வேற நாள் யாரு குடுப்பா?”

 டாக்டர் நேற்று சாயங்காலம், இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கதவு திறந்திருந்தது.

“அந்தச் சுவர யாரும் பிரிச்சுப் பாக்கக் கூடாது,” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். இருங்க என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தான். சொன்னால் அட்டையாவது ஆய்வாவது, நகர்ந்திருக்கமாட்டான். அவள் கண்ணைத் திறந்தாள்.

“நம்ம ஏணிய எடுத்துட்டுப் போங்க. அங்க இருக்கறது ஆடும்.”

மைத்துனி வாசல்வரை வந்தாள். அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரமாக இங்கேயே தங்கியிருக்கிறாள்.

“இப்ப போகணுமா மாமா?”

“அவ போகச் சொல்றா.”

“அவ சொல்லுவா. நீங்க என்னிக்கு அவ பேச்சத் தட்டியிருக்கீங்க.”

ஏணியை வண்டியின் கூரையில் கட்டும்போதும், சிக்னலில் நிற்கும்போதும், அவன் அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்க இருக்கறது ஆடும். அதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். ஏணியைத் தவிர எதுவும் இல்லை.

ஆய்வாளர் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் டெஸ்டர், இரண்டு பேனா.

“என்ன மூணு தடவை, மேடம் எங்க?”

பரீட்சையில் தோற்றதற்காக அவர் அவனுக்கு வைத்த பெயர் அது. பதினைந்து வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார். அவன் உறையை நீட்டினான். அவர் கடிதத்தைப் படித்தார். கையெழுத்தில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“எப்படி இருக்காங்க?”

“இருக்கா.”

“சரி. ஆரம்பிக்கலாம்.”

காப்பகத்தை நடத்தப்போகும் டீச்சர் கூடவே வந்தாள். புதுப் பெயின்ட் வாசனை. குழந்தைகள் இன்னும் வராத அறைகளில் குட்டி நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தாள். ஆய்வாளர் ஒவ்வொரு சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகினார். தரையிலிருந்து உயரத்தை டேப் வைத்து அளந்தார். குழந்தை விரல் போகாத மூடி எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“என் விரல் போகல. உங்க பிள்ளைங்க விரலும் போகாது டீச்சர்.”

“எங்க பிள்ளைங்க ஸ்பூன எடுத்துட்டு வரும் சார்.”

“அதுக்கும்தான் மூடி.”

தூங்கும் அறைக்கு வந்தார்கள். சுவரை மூடுவதற்கு முன்னால், வடக்குச் சுவருக்குள் போகிற ஒயர்களுக்கு அவளேதான் கிளிப் அடித்தாள். அதற்குள் அவளால் ஏணி ஏற முடியாமல் போயிருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டும் உயரம்வரை அவள் அடித்தாள். அதற்கு மேலே அவன் அடித்தான். அவள் அடித்தவை எல்லாம் ஒரு சாண் இடைவெளி, அளந்துவைத்த மாதிரி. மறுநாள் முதல் ஆய்வு முடிந்ததும் பலகை போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த வேலைக்கும் வரவில்லை.

பேன்ட் பையில் போன் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

“உங்க போன்தான் அடிக்குது,” என்றாள் டீச்சர்.

“அடிக்கட்டும்.”

சுவரில் மணி பத்து எட்டு. மைத்துனி எதற்கு அழைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். எடுத்தால் தெரிந்தவன் ஆகிவிடுவான். தெரிந்தபிறகு இந்த மனிதர் பக்கத்தில் நின்று அட்டையை நீட்ட முடியாது. எடுக்காதவரை அவள் அங்கே படுத்திருக்கிறாள், இங்கே ஆய்வு நடக்கிறது. சமையலறையில் ஒருமுறை அடித்தது. கழிவறை விளக்கைப் பார்க்கும்போது ஒருமுறை. ஆய்வாளர் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்விட்சைத் தட்டினார்.

கடைசியாகப் பேனல். ஆய்வாளர் வருவதற்குச் சற்று முன்புதான், அதன் கதவின் உள்பக்கத்தில், எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்ற பட்டியலை ஒட்டியிருந்தான். அவள் கையால் எழுதியது. பத்து நாளைக்கு முன்னால், உட்காரத் தெம்பு இருந்த கடைசி மத்தியானம், வரைபடத்தைக் கேட்காமல், மனதில் இருப்பதை வைத்தே எழுதினாள். ஏழு, தூங்கும் அறை. எட்டு, சமையலறை. எழுதும்போதே அவனுக்குத் தெரிந்தது. பேனலில் ஒயரை இழுத்து மாட்டியவன் அவன். ஏழில் சமையலறையையும் எட்டில் தூங்கும் அறையையும் மாட்டியிருந்தான். “பாத்தீங்களா, பிளானே வேணாம் எனக்கு,” என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். அவன் “ஆமா” என்றான். ஒயரை மாற்றி மாட்டிவிட்டால் ஆயிற்று, அவள் எழுதியதே சரியாகிவிடும் என்று நினைத்தான். பத்து நிமிட வேலை. ஆனால் மறுநாளே அவளைத் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அவன் வீட்டைவிட்டு நகரவில்லை.

ஆய்வாளர் ஏழாவது பிரேக்கரைக் கீழே தட்டி அணைத்தார். “டீச்சர், தூங்கற ரூம்ல லைட் போச்சா?”

“இங்க எரியுது சார். கிச்சன்லதான் போயிருக்கு.”

எட்டாவதைத் தட்டினார். பட்டியலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“மேடமா இப்படி எழுதினாங்க?”

“நான் மாட்டினது தப்பு சார். ஒயர மாத்திடறேன். பத்தே நிமிஷம்.”

“ஒயரத் தொட்டா மொதல்லேர்ந்து டெஸ்ட் பண்ணணும். இன்னிக்கு நடக்காது. லிஸ்ட்டத் திருத்தினாப் போதும்.”

அவன் பேனாவை எடுத்தான். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“உரிமதாரர் எழுதின லிஸ்ட்டு. அவங்க சொல்லாம நீங்களும் திருத்த முடியாது, நானும் விட முடியாது. ஒரு போன் போடுங்க. வாயால சரின்னு சொன்னா நான் ஓரத்துல குறிச்சுக்கறேன்.”

“அவளால பேச முடியல சார்.”

“ஒரு சரிதானே கேக்கறேன். அதுவும் முடியாதுன்னா அடுத்த செவ்வாய்க்கு வரேன்.”

போனில் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் மைத்துனியுடையவை. அவன் அழுத்தினான். முதல் மணி முடியுமுன் எடுத்தாள்.

“மாமா.” அதற்கு மேல் அழுகைதான் வந்தது. “பத்து அஞ்சுக்கு மாமா. எத்தன தடவ அடிக்கறது.”

“அவகிட்டக் குடு.”

“மாமா, அக்கா...”

“அவ காதுல வை.”

 அந்தப் பக்கம் துணி உரசும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

“நான்தான்,” என்றான். “பேனல் லிஸ்ட்டுல ஏழும் எட்டும் மாறியிருக்கு. ஏழுதான் கிச்சன்.”

ஆய்வாளர் பேனலை விட்டு நகர்ந்து எதிர்ச்சுவருக்குப் போனார். ஏற்கெனவே பார்த்து முடித்த சாக்கெட்டில் மறுபடியும் டெஸ்டரைச் செருகினார்.

“ஆமா. நீ எழுதும்போதே தெரியும். சொல்லல.” அவள் திட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் நின்றான். “உள்ள மாத்திடலாம்னு நெனச்சேன். நேரம் கெடைக்கல. இப்ப லிஸ்ட்டத் திருத்தணும்ங்கறாரு. திருத்திக்கட்டுமா?”

டீச்சர் தூங்கும் அறையிலிருந்து வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“சரி,” என்றான். “சரிம்மா.”

ஆய்வாளர் திரும்பாமலே கேட்டார். “என்ன சொல்றாங்க?”

“திருத்திக்கோன்னு சொல்றா.”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் எழுத்தின்மேல் இரண்டு கோடு போட்டான். பக்கத்தில் தன் எழுத்தில் எழுதினான். அவன் எழுத்து எப்போதும் சாய்ந்து போகும். ஆய்வாளர் ஓரத்தில் ஏதோ குறித்தார். வாசலுக்குப் போய் அட்டையைக் கழற்றி, முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அவன் கையில் கொடுத்தார்.

“வேலை சுத்தமா இருக்கு,” என்றார். “மேடம்கிட்ட...” கண்ணாடியைத் துடைத்தார். “சரி, நீங்க கிளம்புங்க.”

அவர் கார் போகும் சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் தூங்கும் அறைக்குப் போய் வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். போனை அவன் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை. அவள் காதருகே இருக்கிற போனில் அறை முழுவதும் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் ஏதோ கேட்டது. “இன்னும் வரல,” என்றாள் மைத்துனி. “வேலையா இருக்காரு.”

எல்லாவற்றுக்கும் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு தட்டல். இந்த வருடம் முழுக்க அவள் அதைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ ஸ்விட்சைத் தட்டினார்கள். விசிறி உடனே நிற்கவில்லை. தட்டல்களுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தான்.